நானூற்றுப் பதிமூன்று சீட்டுகள்

இடது கை சீட்டைப் பிடித்துக்கொண்டது. வலது கை தூரிகையால் அதன் ஓரத்தில் ஒரே இழுப்பாகப் பசை தடவியது. விரலகலத் தாள்பட்டை ஒன்று அந்த ஓரத்தில் வந்து உட்கார, தாளை அழுத்தும் எலும்புத் தகடு மேலிருந்து கீழாக ஒருமுறை ஓடியது. பசை பிதுங்கவில்லை. சீட்டு பலகைக்குப் போனது. அடுத்தது கைக்கு வந்தது.

அச்சகத்தின் பைண்டிங் கூடத்தில் அது சாப்பாட்டு நேரம். வெட்டும் மெஷின் ஓய்ந்திருந்தது. மற்றவர்கள் டப்பாக்களைத் திறந்துகொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்க, அவள் மட்டும் பலகையை விட்டு நகரவில்லை. சொந்த வேலையைச் சாப்பாட்டு நேரத்தில் செய்துகொள்ளலாம், பசையும் நூலும் இலவசம் என்று முதலாளி சொல்லியிருந்தார். தன் வீட்டில் இலவசம் என்ற சொல்லைக் கேட்டுப் பதினைந்து வருடம் ஆகியிருந்ததால், அவள் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு சீட்டுகள். கடைசி ஒன்றைத் தவிர மற்றவை அவள் கையெழுத்து. அவற்றின் அடியில் சிவப்பு மையில் இன்னொருவர் குறிப்பு, தேதி, ரப்பர் ஸ்டாம்ப். மேலாக இருந்த ஒன்று இப்படிச் சொன்னது:

‘பொருள்: செருப்பு ஒரு ஜோடி. காரணம்: பழையது அறுந்துவிட்டது.’

கீழே சிவப்பில்: ‘ஆய்வு செய்யப்பட்டது. அறுந்தது இடது கால் மட்டுமே. வலது கால் நல்ல நிலையில் உள்ளது. ஜோடியாகக் கேட்பது ஏற்புடையதல்ல. தைத்துப் போட்டுக்கொள்ளவும்.’

ஸ்டாம்ப்: ‘பார்வையிடப்பட்டது.’

பார்வையிட்டவர் அவள் கணவர்.

அவர் ஒரு பெரிய கிடங்கின் பதிவேட்டுப் பிரிவில் வேலை பார்த்தார். இருபது வருடமாக மூன்றாவது நாற்காலி. முதல் இரண்டு நாற்காலிகள் காலியானபோதெல்லாம் வெளியிலிருந்து ஆள் வந்து உட்கார்ந்தது. அங்கே கிடைக்காத பதவியை அவர் வீட்டில் உண்டாக்கிக்கொண்டார். நிதி, வரவு செலவு, கொள்முதல், ஒழுங்கு நடவடிக்கை ஆகிய நான்கு துறைகளும் அவரிடம். அவளிடம் இருந்தது சம்பாதிக்கும் துறை. பைண்டிங் கூடத்தில் எல்லோரும் அவரை ‘மந்திரி’ என்றுதான் சொல்வார்கள்.

ஆரம்பம் என்னவோ தேனாகத்தான் இருந்தது. கல்யாணமான முதல் மாதம் அவள் சம்பளம் வாங்கி வந்த அன்று, அவளுடைய பணம் எடுக்கும் அட்டையைக் கையில் வாங்கித் தன் பர்ஸில், அவர்கள் இருவரும் சேர்ந்து எடுத்த போட்டோவுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

“உனக்கு எதுக்கு இந்தத் தலைவலி? பின் நம்பர் அது இதுன்னு. உனக்கு ஞாபகம் இருக்காது. நான் பாத்துக்கறேன்.”

ஐந்நூறு பக்க அகராதியின் தாள்களை வரிசை பிசகாமல் அடுக்குகிறவளுக்கு நான்கு எண் ஞாபகம் இருக்காது என்பதை அவளும் அன்று நம்பினாள். அன்பாகச் சொன்னால் மனிதர் எதைத்தான் நம்பமாட்டார்? கேட்டவர்கள் எல்லோரும் “கொடுத்து வச்சவ” என்றார்கள். கொடுத்து வைத்ததும் உண்மைதான். மாதாமாதம் முழுச் சம்பளத்தையும் கொடுத்து வைத்தாள்.

பிறகு பஸ் காசை எண்ணிக் கொடுக்கத் தொடங்கினார். அப்புறம் மிச்சக் காசுக்குக் கணக்கு வந்தது. ஆறு வருடம் முன்பு அலுவலகத்தில் கழித்துக்கட்டிய பொருள்களோடு ஒரு ரப்பர் ஸ்டாம்பும் வந்தது. அதோடு வீட்டில் விண்ணப்ப முறை அமலாகியது. எது வேண்டுமென்றாலும் இரண்டு பிரதி எழுதவேண்டும். ஒன்று அவர் கோப்புக்கு, மற்றது அவள் கோப்புக்கு. தலைவலி மாத்திரை கேட்டால், ‘முழு அட்டை எதற்கு? தலை ஒன்றுதானே? இரண்டு மாத்திரை அனுமதி.’ அம்மாவைப் பார்த்துவரப் போக்குவரத்துச் செலவு கேட்டால், ‘போக அனுமதி. வரும் செலவை அம்மா ஏற்கலாம்.’

“எழுத்துல இல்லாதது எதுவும் நடக்கவே இல்ல. ஞாபகம் வச்சுக்கோ” என்பது அவருடைய வேதவாக்கு. அவள் ஞாபகம் வைத்துக்கொண்டாள். பைண்டருக்குத் தாளைத் தூக்கிப் போட மனசு வராது. தன் பிரதிகளைத் தேதிவாரியாக அடுக்கி, பழைய பிஸ்கட் டின் ஒன்றில் போட்டு வந்தாள்.

ஒருமுறை அம்மாவிடம் போனில் மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

“குடிக்கிறாரா?”

“இல்லம்மா.”

“அடிக்கிறாரா?”

“இல்ல.”

“வேற பொம்பள சகவாசம்?”

“அதெல்லாம் இல்லம்மா. அதுக்கும் செலவாகுமே.”

“அப்புறம் என்னடி குறை? சிக்கனமான ஆம்பள கிடைக்க ஊர்ல தவம் கெடக்குறாளுங்க.”

அவளுக்கும் குறை என்னவென்று பெயர் சொல்லத் தெரியவில்லை. காயம் இருந்தால் காட்டலாம். காலிப் பர்ஸைக் காட்டினால் யார் அழுவார்கள்? போதாததற்கு, வீடு வாங்கத்தான் இருவர் பேரிலும் சேமித்து வருவதாக அவர் சொல்லியிருந்தார். சேமிப்பு என்று சொன்னதும் யாருக்கும் வாய் அடைத்துப்போகும். அவளுக்கும் அடைத்தது.

இரண்டு மாதம் முன்பு ஒரு சாயங்காலம் மந்திரி ஒரு காகிதக் கட்டோடு வந்தார். அங்கங்கே மஞ்சள் ஒட்டுச்சீட்டு நீட்டிக்கொண்டிருந்தது. முகத்தில் அபூர்வமாகச் சிரிப்பு. அவளுக்கென்று ஒரு டீயும் வாங்கி வந்திருந்தார், விண்ணப்பம் இல்லாமலே.

“குடும்பத்துக்கு ஒரு கார் வாங்கப் போறோம். பேங்க் லோன். உன் வேலை நிரந்தரம், அதனால உன் பேர்ல ஈஸியா குடுப்பாங்க. மஞ்சள் ஒட்டின எடத்துல எல்லாம் கையெழுத்துப் போடு. மத்ததை நான் பாத்துக்கறேன்.”

அவள் பேனாவை எடுக்கவில்லை. கட்டைக் கையில் எடுத்தாள். செங்குத்தாக நிறுத்தி மேசையில் இரண்டு தட்டுத் தட்டினாள்; ஓரம் சமமானது. கட்டைவிரலால் மூலையை விசிறிபோல் விரித்துவிட்டாள். வேண்டுமென்று செய்ததல்ல. இருபது வருடமாக எந்தத் தாள்கட்டு கைக்கு வந்தாலும் அந்தக் கைகள் அதைத்தான் செய்யும்.

இந்த இடத்தில் தொழிலைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அச்சாகி மடித்த பதினாறு பக்கக் கட்டுக்கு ஃபாரம் என்று பெயர். ஒவ்வொரு ஃபாரத்தின் முதுகிலும் கறுப்பாக ஒரு சின்னக் கட்டம் அச்சாகியிருக்கும். முதல் ஃபாரத்தில் உச்சியில், அடுத்ததில் கொஞ்சம் கீழே, அதற்கடுத்ததில் இன்னும் கீழே. எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கினால் முதுகில் ஒரு படிக்கட்டு தெரியும். ஒரு ஃபாரம் விட்டுப்போனால் படிக்கட்டில் ஒரு படி காணாமல் போயிருக்கும். நல்ல பைண்டர் அதைப் படித்துக் கண்டுபிடிக்க வேண்டாம். தூரத்திலிருந்தே கண்ணில் குத்தும். படி இல்லாத கட்டைத் தைத்துவிட்டால், அது எவ்வளவு அழகான அட்டை போட்டாலும் புத்தகமல்ல, மோசடி.

“ஏங்க, இதுல பக்கம் விட்டுப்போயிருக்கு.”

“என்ன விட்டுப்போயிருக்கு?”

“மொத்தம் பதினொண்ணுன்னு அடியில போட்டிருக்கு. மூணுக்கு அப்புறம் ஏழு வருது. எட்டுக்கு அப்புறம் பதினொண்ணு. நாலு, அஞ்சு, ஆறு, ஒன்பது, பத்து காணோம்.”

“அதெல்லாம் பேங்க் ஆளுங்க பாக்குறது. உனக்குத் தேவையில்ல.”

“தேவையில்லாத பக்கத்தை எதுக்கு அச்சடிச்சாங்க?”

“என் மேல நம்பிக்கை இல்லையா உனக்கு?”

அவள் யோசித்தாள். நம்பிக்கை இருந்தது என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். ஆனால் கை பேனாவுக்குப் போக மறுத்தது. “விட்டுப்போன கட்டை நான் தைக்க மாட்டேங்க. பழக்கமில்ல” என்றாள். பயத்தில் வந்த வார்த்தை அது. வேறு வார்த்தை அவளுக்குக் கிடைக்கவில்லை.

மறுநாள் காலை மேசைமேல் பஸ் காசு இல்லை. அந்த இடத்தில் ஒரு சீட்டு இருந்தது: ‘கையெழுத்துப் பணி நிலுவையில் உள்ளதால் போக்குவரத்துப்படி நிறுத்திவைக்கப்படுகிறது.’ ஸ்டாம்பும் இருந்தது. அவள் தன் பிரதியை டின்னில் போட்டுவிட்டு நடந்தே வேலைக்குப் போனாள். போக ஒன்றேகால் மணி, திரும்ப ஒன்றேகால் மணி. இடது கால் செருப்பு மூன்றாம் நாள் மறுபடி அறுந்தது.

கூடத்தில் தையல் மெஷினில் உட்காருகிற அக்கா அவளைவிடப் பத்து வயது மூத்தவள். வாய் நீளம், மனசு அதைவிட நீளம். அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவளைப் பார்த்து, “என்னடி, மந்திரி பட்ஜெட்ல துண்டு விழுந்திருச்சா?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரிக்கப் பார்த்தாள். அது அழுகையாக முடிந்தது.

அன்று சாப்பாட்டு நேரத்தில் அக்கா முழுக் கதையையும் கேட்டாள். நடுவில் ஒரு கேலிகூட இல்லை. அதுவே ஒரு அதிசயம். முடிவில் கேட்டாள்:

“உன் கணக்குல இப்ப எவ்வளவு இருக்கு?”

“தெரியாதுக்கா.”

“இருபது வருஷமா சம்பாதிக்கிறவளுக்குத் தெரியாது. மாசத்துல ஒரு நாள் போய் எடுக்கிறவருக்குத் தெரியும். இதுக்குப் பேரு சிக்கனமாடி?”

முதலாளியிடம் அரை மணி அதிகம் கேட்டு, அக்காவே பேங்குக்குக் கூட்டிப்போனாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு மூன்று வருடக் கணக்கை அச்சடித்துக் கொடுத்தாள். மாதம் தவறாமல் சம்பளம் வந்திருந்தது. அதே நாளில், ஒன்பது மணி ஐந்து நிமிடத்துக்கு, கணக்கு மூடாமல் இருக்க வேண்டிய தொகையை மட்டும் விட்டு மற்றதெல்லாம் போயிருந்தது. இருவர் பேரிலும் இருப்பதாகச் சொன்ன சேமிப்பில் ஒருவர் பேர்தான் இருந்தது. அந்த ஒருவர் அவள் அல்ல.

லோன் மேசையில் விட்டுப்போன பக்கங்களும் கிடைத்தன. விண்ணப்பம் அவள் பேரில் இருப்பதால் படிக்க அவளுக்கு உரிமை உண்டு என்று அங்கிருந்த மனிதர் சாதாரணமாகச் சொன்னார். நான்கு, ஐந்து, ஆறு: ஏழு வருடம் அவள் சம்பளத்தில் பாதிக்கு மேல் பிடித்தம், கட்டத் தவறினால் பொறுப்பு அவள் ஒருத்தி. ஒன்பது, பத்து: கடன்தொகை அவர் கணக்குக்குப் போகவும், வண்டி அவர் பேரில் பதிவாகவும் அவள் சம்மதம். காரின் நிறம்கூட எழுதியிருந்தது. வெள்ளி நிறம். குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் அது தெரியாமல் இருந்தது.

அவள் அந்த ஐந்து பக்கங்களையும் மற்றவற்றோடு சேர்த்து மேசையில் இரண்டு தட்டுத் தட்டினாள். ஓரம் சமமானது. படிக்கட்டு முழுசாகத் தெரிந்தது.

கண்ணாடிப் பெண் கேட்டாள்: “மெசேஜ் எல்லாம் வேற நம்பருக்குப் போகுது. உங்க நம்பருக்கு மாத்திடவா? கார்டையும் நிறுத்திட்டுப் புதுசு தரட்டுமா?”

“அவரைக் கேட்டுட்டுச் சொல்றேன்.”

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அந்தப் பெண் கண்ணாடியை ஒட்டிக் குனிந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

“யாருக்கு மெசேஜ் போகக் கூடாதுன்னு மாத்துறோமோ, அவரையா கேக்கப் போறீங்க?”

பக்கத்தில் அக்கா தொண்டையைச் செருமினாள். பூனையிடம் பாலுக்குக் காவல் கேட்கப்போன கதை தனக்கே புரிந்து, அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் அன்று எதையும் மாற்றவில்லை. அக்காதான் தடுத்தாள்.

“இன்னிக்கு மாத்தினா இன்னிக்கே அவருக்குத் தெரியும். நீ இன்னும் அந்த வீட்டுக்குள்ளதானே போகணும்? சண்டைக்கு முன்னாடி செருப்பைக் கால்ல மாட்டிக்கணும்டி. உன் சர்டிபிகேட், அடையாள அட்டை, அந்தச் சீட்டு டின், நாலு துணி. ஒவ்வொண்ணா டப்பாப் பையில வச்சு எடுத்துட்டு வா. என் வீட்ல ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு. அப்புறம் மாத்து.”

பத்து நாளில் ஒரு வீடு மெல்ல மெல்லச் சாப்பாட்டுப் பையில் இடம்பெயர்ந்தது. பதினோராம் நாள் அவள் வேறொரு பேங்கில் தன் பேரில் கணக்குத் தொடங்கினாள். சம்பளத்தை இனி அதில் போடும்படி முதலாளிக்கு எழுதிக் கொடுத்தாள். மெசேஜ் போகும் நம்பரை மாற்றி, பழைய அட்டையை நிறுத்தினாள். தன்னைக் கேட்காமல் தன் பேரில் எந்தக் கடனும் கொடுக்கக் கூடாதென்று லோன் மேசையில் எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். நகல் வாங்கும் பழக்கத்தை யார் கற்றுக்கொடுத்தது என்பதை அவள் மறக்கவில்லை. அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனாள். போனில், “கொஞ்ச நாள் இங்க இருக்கேங்க. கையெழுத்துப் போடலை” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

இலவசமாகச் சட்ட உதவி செய்யும் வக்கீலம்மா ஒருவரை முதலாளி சொன்னார். மருந்துக்கடைக்கு மேல்மாடியில் ஒற்றை அறை. வக்கீலம்மா எல்லாவற்றையும் கேட்டார்.

“இதுவும் கொடுமைதான்மா. அடி விழாத கொடுமை. ஆனா அவர் ‘நான் கேட்டதெல்லாம் குடுத்தேன், நல்லாத்தான் வச்சிருந்தேன்’னு சொல்வார். உங்ககிட்ட எழுத்துல ஏதாவது இருக்கா?”

அவள் பிஸ்கட் டின்னைத் திறந்தாள்.

வக்கீலம்மா முதல் சீட்டைப் படித்தார். இரண்டாவதைப் படித்தார். செருப்பு வந்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அடக்கமாட்டாமல் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “இதுக்கெல்லாம் ஸ்டாம்ப் வேற போட்டிருக்காரா?” என்றார். “அப்படியே விடுங்க. நான் கிளிப் போட்டு வச்சுக்கறேன்.”

அவள் அந்த அறையின் அலமாரியைப் பார்த்தாள். கிளிப் போட்ட கட்டுகள் தாள்களை நாக்குப்போல் நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு கட்டிலிருந்து பாதித் தாள் தரையில் விழுந்து கிடந்தது. அவளுக்கு உடம்பு கூசியது.

“வேண்டாம் மேடம். பத்து நாள் குடுங்க. நான் கட்டிக் கொண்டாறேன்.”

அப்படித்தான் சாப்பாட்டு நேர வேலை தொடங்கியது. சின்னச் சீட்டுகளை அப்படியே தைத்தால் எழுத்து முதுகுக்குள் மாட்டிக்கொள்ளும். அதனால்தான் ஒவ்வொன்றுக்கும் ஓரப்பட்டை. பட்டைகளை மடித்து ஃபாரமாக்கி, ஒவ்வொரு ஃபாரத்தின் முதுகிலும் கையாலேயே கறுப்புக் கட்டம் வரைந்தாள். படிக்கட்டு ஆறு வருடம் இறங்கிவந்தது. கடைசியில் ஒரு வெறும் பட்டை விட்டாள். எந்தக் கட்டிலும் அவள் அப்படி விடுவது வழக்கம். எந்த வாடிக்கைக்காரரும் கடைசி நேரத்தில் “ஐயோ, ஒண்ணு மறந்துட்டேன்” என்று ஓடிவராமல் இருந்ததில்லை.

இந்த முறை ஓடிவந்தது யார் என்று நினைக்கிறீர்கள்?

சம்பள நாள் காலை ஒன்பது ஐந்துக்கு மந்திரி பணம் எடுக்கும் மெஷின் முன் நின்றார். அட்டை வேலை செய்யவில்லை. வேறு மெஷினுக்குப் போனார். அதுவும் அப்படியே. மூன்றாவது மெஷின் அட்டையை விழுங்கிக்கொண்டது. வேறொரு மனிதர் என்றால் அச்சகத்து வாசலில் வந்து கத்தியிருப்பார். அக்கா அதற்குத் தயாராக இரும்புச் சட்டம் ஒன்றைப் பக்கத்தில் வைத்திருந்தாள். ஆனால் இருபது வருடப் பதிவேட்டுப் பிரிவு அவரைக் கத்த விடவில்லை. எழுத்தில் இல்லாதது நடக்கவே இல்லையே!

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் முதலாளி ஒரு நீளக் கவரோடு கூடத்துக்குள் வந்தார். முகத்தைக் கஷ்டப்பட்டு இறுக்கி வைத்திருந்தார்.

“உன் வீட்டுக்காரர் ஆபீஸ் ஆள்கிட்ட குடுத்தனுப்பிச்சிருக்கார். ரெண்டு பிரதி. ஒண்ணுல நீ கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பணுமாம்.”

அவள் பிரித்தாள். தட்டச்சு செய்திருந்தது.

‘பொருள்: நிறுத்தப்பட்ட தொகையை மீண்டும் வழங்கக் கோருதல். கடந்த பதினைந்து ஆண்டுகளாகத் தங்கள் ஊதியம் முழுவதையும் ஒவ்வொரு மாதமும் நானே எடுத்துப் பயன்படுத்தி வந்தேன் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். எவ்வித முன்னறிவிப்புமின்றி அது நிறுத்தப்பட்டதால், எனது பேரில் உள்ள சேமிப்புக்கான தவணையும் வாகனத்துக்கான முன்பணமும் பாதிக்கப்பட்டுள்ளன. தாங்கள் கடன் பத்திரத்தில் கையெழுத்திடும்வரை தங்களுக்கான பஸ் காசு நிறுத்தப்பட்டது சரியே என்றும் தெரிவித்துக்கொள்கிறேன். ஏழு நாள்களுக்குள் ஆவன செய்யவும்.’

அடியில் கையெழுத்து, தேதி. ‘பக்கம் 1/1.’ ஸ்டாம்ப் நேராக, மை பரவாமல், அழகாக விழுந்திருந்தது.

அக்கா எட்டிப் பார்த்துப் படித்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். “தவளை தன் வாயால கெடும்னு சொல்லுவாங்க. இது தட்டச்சு அடிச்சு, கையெழுத்துப் போட்டு, ரெண்டு காப்பி எடுத்துல்ல கெட்டிருக்கு!”

கூடமே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. ‘நானே எடுத்துப் பயன்படுத்தி வந்தேன்’ என்ற வரியை மூன்றுமுறை படித்தாள். பதினைந்து வருடமாக அவளுக்குப் பெயர் சொல்லத் தெரியாத குறையை அவர் ஒரே வரியில் எழுதிக் கொடுத்துவிட்டார். அவர் அளவுக்கு அதைத் தெளிவாக அவளால் எழுதியிருக்க முடியாது.

“பதில் என்ன அனுப்பப் போற?” என்றார் முதலாளி.

“கிடைச்சதுன்னு கையெழுத்துப் போட்டு அனுப்பிருங்க முதலாளி. மத்ததை வக்கீலம்மா பாத்துக்குவாங்க.”

விட்டுவைத்த வெறும் பட்டையில் பசை தடவினாள். மடித்த கடிதம் அதில் கச்சிதமாக உட்கார்ந்தது. எலும்புத் தகடு மேலிருந்து கீழாக ஓடியது.

அதற்கடுத்த மூன்று சாப்பாட்டு நேரத்தில் தைத்து, முதுகுக்குப் பசையும் துணியும் கொடுத்து, அழுத்துப்பலகையில் ஓர் இரவு வைத்து, கருநீலக் காலிகோத் துணி ஒட்டிய அட்டை போட்டாள். முதலாளி தங்க எழுத்துக்கு என்ன தலைப்பு என்று கேட்டார். “ஒண்ணும் வேண்டாம். உள்ள இருக்கிறதே போதும்” என்றாள். அவர் கேட்கவில்லை, வருடங்களை மட்டும் முதுகில் பொறித்துக் கொடுத்தார்.

சனிக்கிழமை புதுச் செருப்பு போட்டுக்கொண்டு மருந்துக்கடை மாடிப்படி ஏறினாள். இரண்டு காலுக்கும் சேர்த்து வாங்கிய செருப்பு. வக்கீலம்மா மேசையைத் துடைத்து இடம் விட்டார். அவள் துணிப்பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, ஓரத்தை உள்ளங்கையால் ஒருமுறை தடவி, இரண்டு கையாலும் நீட்டினாள்.

வக்கீலம்மா வாங்கித் திறக்கப்போனார்.

“இருங்க மேடம். நானூற்றுப் பதிமூணு. ஒரு தடவை எண்ணிப் பாத்து வாங்கிக்குங்க.”